பின்னத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியை முடித்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அடிக்கடி பள்ளி மாறியதால் கணக்கில் எனக்கு அடித்தளமே இல்லை. இயற்கணிதத்தில் எப்படியோ தட்டுத்தடுமாறித் தேறினேன். இப்போது செவிலியர் படிப்புக்காக இங்குள்ள சமுதாயக் கல்லூரி ஒன்றில் சேர இருக்கிறேன். பத்து வாரங்களில் கணக்கு பிளேஸ்மென்ட் தேர்வு எழுத வேண்டும் என்கிறார்கள். பயிற்சி வினாத்தாளைத் திறந்தாலே கை நடுங்குகிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி ஒருவர், அமெரிக்கா

பதில்: பிளேஸ்மென்ட் என்றதும் வேலைவாய்ப்பு நேர்காணலை நினைத்துக்கொள்ளும் மற்ற வாசகர்களுக்காக ஒரு சொல்: இது, கல்லூரியில் சேரும் மாணவர் எந்த நிலைக் கணக்கு வகுப்பில் அமர வேண்டும் என்பதை முடிவு செய்யும் தேர்வு. இதில் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஆனால் மிகக் கீழ்நிலையில் வைக்கப்பட்டால், பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளப்படாத ஆயத்த வகுப்புகளுக்குப் பணமும் ஒரு பருவமும் செலவாகக்கூடும் என்பதால், பத்து வாரம் உழைப்பது வீணாகாது.

புத்தகத்தைத் திறக்கும் முன் கல்லூரி ஆலோசகரிடம் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். தேர்வு கட்டாயமா? கலிஃபோர்னியாவில் 2017-இல் நிறைவேறிய ஏபி 705 சட்டத்துக்குப் பிறகு, சமுதாயக் கல்லூரிகள் பெரும்பாலும் பள்ளி மதிப்பெண்களை வைத்தே வகுப்பைத் தீர்மானிக்கின்றன. உங்கள் படிப்புக்கு வேண்டியது புள்ளியியலா, கல்லூரி இயற்கணிதமா? துணை வகுப்போடு சேர்த்து நேரடியாகக் கல்லூரி நிலைக் கணக்கையே எடுக்க வழி உண்டா? இந்தப் பதில்களைப் பொறுத்து, நீங்கள் படிக்க வேண்டியது பாதியாகக் குறையலாம்.

உங்கள் கல்லூரி நடத்துவது எந்தத் தேர்வு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அக்யூபிளேசர், அலெக்ஸ் என்ற இரண்டும் கணினியில் எழுதும் பிளேஸ்மென்ட் தேர்வுகள். அக்யூபிளேசரில் கணக்குப் பிரிவு ஒவ்வொன்றிலும் 20 வினாக்கள். நேர வரம்பு கிடையாது. உங்கள் விடையைப் பொறுத்து அடுத்த வினா கடினமாகவோ எளிதாகவோ வரும். முந்தைய வினாவுக்குத் திரும்பிச் சென்று திருத்த முடியாது. அலெக்ஸில் அதிகபட்சம் 30 வினாக்கள். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் பொத்தானும் உண்டு. இரண்டிலும் கால்குலேட்டர் சில வினாக்களுக்கு மட்டுமே திரையில் தோன்றும் என்பதால், கையால் கணக்கிட்டே பழகுங்கள்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இயற்கணிதம் வராது என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் பெரும்பாலானோருக்கு இடறுவது இயற்கணிதத்தில் அன்று, அதற்குக் கீழே இருக்கும் படியில்தான். மாணவி ஒருவர் x/2 + x/3 = 10 என்ற சமன்பாட்டை, மேலே உள்ளவற்றைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டி, 2x/5 = 10 என்று எழுதி, x = 25 என்று முடித்தார். அதற்குப் பிறகு அவர் செய்த படிகள் எல்லாமே சரி. தவறியது பின்னக் கூட்டல் ஒன்றுதான்: பகுதியை (பின்னத்தின் கீழ் எண்ணை) 6 ஆக்கியிருந்தால் 5x/6 = 10, x = 12. 12-இல் பாதி 6, மூன்றில் ஒரு பங்கு 4, கூட்டினால் 10. விடையை இப்படித் திரும்பப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால், 25 தவறு என்பதை யாரும் சொல்லாமலே அவர் கண்டுபிடித்திருப்பார்.

அடைப்புக்குறிக்கு முன் நிற்கும் கழித்தல் குறியும் இப்படித்தான் காலை வாரும். 7 − (x − 4) என்பதை 3 − x என்று எழுதுபவர்கள் ஏராளம். x = 4 என்று போட்டுப் பாருங்கள்: முதலாவது 7, இரண்டாவது −1. சரியான விடை 11 − x.

ஆகவே முதல் நான்கு வாரங்களைப் பின்னம், தசமம், சதவீதம், விகிதம், குறை எண்கள் ஆகியவற்றுக்கே கொடுங்கள். இது சிறு பிள்ளைகளின் பாடமாயிற்றே என்று கூச வேண்டாம். மருந்தின் அளவைக் கணக்கிடும்போதும் இதே விகிதம்தான் உங்களுக்குக் கைகொடுக்கும். அடுத்த மூன்று வாரங்களுக்கு நேரிய சமன்பாடுகள், அசமன்பாடுகள், நேர்க்கோட்டின் சாய்வு. அதன்பின் அடுக்குகள், காரணிப்படுத்தல், இருபடிச் சமன்பாடு. கடைசி வாரத்தில்தான் முழு வினாத்தாள். கை நடுங்குவதற்கு ஒரு காரணம், முழுத்தாளை முதல் நாளே திறப்பது என்று நினைக்கிறேன்; ஒரே தலைப்பில் ஐந்து வினாக்கள் என்று தொடங்குங்கள். கான் அகாடமி என்ற இணையதளத்தின் பாடங்களும், அக்யூபிளேசரை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்பு அதற்காகத் தரும் பயிற்சிகளும் இலவசம்.

தவறுகளுக்கென்று தனி நோட்டு ஒன்று வையுங்கள். தவறிய வினா, தவறிய அந்த ஒரு வரி, திருத்திய வரி ஆகியவை மட்டும் போதும். இரண்டு நாள் கழித்து, விடையை மறைத்துக்கொண்டு அதே வினாவை மீண்டும் போடுங்கள்.

தேர்வை வீட்டிலிருந்து எழுத நேர்ந்தால் யாருடைய உதவியையும் நாடாதீர்கள். பிறர் போட்ட விடையால் கிடைக்கும் மேல்வகுப்பில் முதல் வாரமே மூச்சுத் திணறும். அலெக்ஸ் என்றால், தெரியாததைத் தெரியாது என்றே பதிவு செய்யுங்கள். அதில் முதல் முயற்சிக்குப் பிறகு, உங்கள் குறைகளுக்கேற்ற பயிற்சித் தொகுதி திறக்கும். அந்தத் தொகுதியில் படித்துவிட்டு மீண்டும் எழுதலாம். எத்தனை முறை எழுதலாம், இடையில் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதையும் அதே ஆலோசகரிடம் கேட்டு, பத்தாவது வாரத்துக்குப் பின் மறுதேர்வுக்கு இடம் இருக்கும்படி தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.