எலி மருந்தும் ஐந்து மாத மௌனமும்

கேள்வி: போன மாதம் எங்கள் நாய் மணி, கிரைண்டருக்குப் பின்னால் கிடந்த பச்சை நிற எலி கேக்கைத் தின்றுவிட்டது. மென்றுகொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். மாமியார் வைத்தது, நாங்கள் பேசி 5 மாதமாவதால் எனக்குத் தெரியாது. உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றினேன். மறுநாள் ஓடியாடியதால் விட்டுவிட்டோம். நான்காம் நாள் மூக்கில் ரத்தம். டாக்டர் காப்பாற்றிவிட்டார், மாத்திரை கொடுத்து வருகிறோம். வீட்டில் தவழும் குழந்தை இருப்பதால் சட்டென்று கிளம்ப முடியாது. இனி இப்படி நடந்தால் உடனே என்ன கொடுக்கலாம்? - வாசகி, ஈரோடு

பதில்: ஒன்றும் கொடுக்காதீர்கள். உப்புத் தண்ணீரே நாய்க்கு விஷம்; ரத்தத்தில் உப்பு ஏறினால் வலிப்பு வரும். பாலும் எண்ணெயும் விஷத்தை முறிக்காது. எலி பேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ், கொழுப்போடு சேர்ந்தால் இன்னும் வேகமாக உடம்பில் ஏறும். வாயில் மிச்சம் இருந்தால் எடுத்துவிட்டு, மருந்தின் அட்டையோடு கால்நடை டாக்டரிடம் ஓடுங்கள். 2 மணி நேரத்துக்குள் போனால் பெரும்பாலும் வாந்தி எடுக்க வைத்தே வெளியேற்றிவிடலாம். அட்டை முக்கியம். கேக் என்றால் அதற்கு முறிமருந்தாக விட்டமின் கே1 இருக்கிறது. கறுப்புப் பொடியாக வரும் ஜிங்க் பாஸ்பைடு என்றால் முறிமருந்தே கிடையாது. அந்த வாந்தியிலிருந்து வரும் வாயு மனிதருக்கும் ஆபத்து.

மறுநாள் ஓடியாடியதில் ஏமாந்துவிட்டீர்கள். இந்த கேக் ரத்தம் உறைவதைத் தடுப்பது. உடம்பில் இருக்கிற உறைபொருள் தீரும்வரை வெளியே எதுவும் தெரியாது. பெரும்பாலும் 3 முதல் 5 நாளில்தான் ரத்தம் கசியும்.

சரி, மருந்து விஷயம் அவ்வளவுதான். ‘பேசி 5 மாதமாவதால்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைக் கேட்கிறேன். விஷம் வைத்த இடத்தைக்கூடச் சொல்லிக்கொள்ளாத ஒரு வீட்டில் குழந்தையைத் தவழ விட்டிருக்கிறீர்களா? எலி விரும்பித் தின்ன வேண்டும் என்று தானியம் கலந்து செய்த கட்டி அது. குழந்தை கையில் கிடைத்தால் நேராக வாய்க்குத்தான் போகும்.

மாமியார் மருமகள் சண்டை எந்த வீட்டில் இல்லை? தாராளமாகச் சண்டை போடுங்கள். ஆனால் ஒரே அடுப்படியில் புழங்குகிறவர்கள் கேஸை மூடியாச்சா, மருந்து எங்கே வைத்திருக்கிறது என்று சொல்லிக்கொள்வது பிரியத்தின் பேரில் அல்ல, கடமை. உங்கள் மாமியார் எழுதியிருந்தாலும் இதே திட்டுதான். பெரியவர் அவர், வாயைத் திறந்திருக்க வேண்டும். அப்புறம், உங்கள் கணவர் எங்கே? இரண்டு பெண்கள் 5 மாதமாகப் பேசாமல் இருக்கும் வீட்டில் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

மணி தெம்பாகிவிட்டான் என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள், இது வாரக்கணக்கில் ஓடும் வைத்தியம். முடித்து 2, 3 நாள் கழித்து ரத்தம் உறையும் நேரத்தைப் பரிசோதித்துவிடுங்கள். மாமியாரிடம் இன்று இரவே போய், இன்னும் எத்தனை கட்டி எங்கெங்கே வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் மறுபடியும் கேளுங்கள்.