குடியை விட்டவருக்கு ஏற்ற ஏ.ஏ. கூட்டத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, இரண்டு மாதங்களாகக் குடிக்காமல் இருக்கிறார். மருத்துவர் சொன்னதால் அருகில் நடந்த ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் அமைப்பு) கூட்டத்துக்கு ஒருமுறை போனார். ஆங்கிலத்திலேயே பேசினார்கள், கடவுளைப் பற்றிப் பேசினார்கள், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பயமாக இருந்தது என்று சொல்லி, இனிப் போக மறுக்கிறார். அவருக்கு ஏற்ற கூட்டத்தை எப்படித் தேடுவது? நானும் உடன் போகலாமா?

பதில்: ஒரே ஒரு கூட்டத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் ஒவ்வொரு குழுவும் தன்னைத்தானே நடத்திக்கொள்வதால், ஒரே ஊரில் இருக்கும் இரண்டு குழுக்களுக்குள்ளேயே மொழி, வயது, பேச்சின் தொனி எல்லாம் மாறுபடும். நான்கைந்து கூட்டங்களுக்குப் போய்ப் பார்த்த பிறகு சொல்லும்படி அவரிடம் கேளுங்கள்.

அவர் சொன்ன குறைகளில் மொழிக் குறையை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். அலுவலகத்தில் சரளமாக ஆங்கிலம் பேசுகிறவருக்குக்கூட, மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் குடித்ததை நாலு பேர் முன்னால் சொல்லத் தாய்மொழிதான் கைகொடுக்கும். பெங்களூருவில் ஆங்கிலம், கன்னடம் தவிரத் தமிழிலும் கூட்டங்கள் நடக்கின்றன. நாளும் இடமும் அவ்வப்போது மாறக்கூடும் என்பதால், ஏ.ஏ. தொலைபேசி உதவி எண்ணிலோ, சிகிச்சை அளித்த மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் அடிமைநோய்ச் சிகிச்சைப் பிரிவிலும் விசாரிக்கலாம்.

அடுத்தது நேரம். வேலை முடிந்து வழக்கமாக மதுக்கடைப் பக்கம் கால் திரும்பும் அந்த மாலை வேளையில் கூட்டம் இருந்தால், அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கடத்துவதே பாதிச் சிகிச்சை. எவ்வளவு நல்ல குழுவாக இருந்தாலும், அங்கே போக நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைக் கடக்க வேண்டுமென்றால் இரண்டாவது வாரமே அவர் நின்றுவிடுவார். தெரிந்தவர் பார்த்துவிடுவார்கள் என்ற அச்சம் அதிகமாக இருந்தால், அல்சூரை விட்டு மெட்ரோவில் எளிதில் போகக்கூடிய வேறொரு பகுதியைத் தேர்ந்தெடுக்கட்டும். பேரை மட்டும் சொன்னால் போதும். பார்த்ததையும் கேட்டதையும் வெளியே பேசக் கூடாது என்பது அவர்களின் வழக்கம். கட்டணமும் கிடையாது, விருப்பப்பட்டவர்கள் கொடுக்கும் காசில்தான் குழு நடக்கிறது.

கடவுள் பேச்சைப் பற்றி: 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இரண்டு குடிநோயாளிகளாக ஒருவருக்கொருவர் பேசியதில் தொடங்கிய அமைப்பு இது. எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் மட்டுமே உறுப்பினராவதற்கான தகுதி. ஆயினும் குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வரத்தான் செய்கிறது. 'தாம் உணர்ந்தவாறான கடவுள்' என்றே அதைச் சொல்கிறார்கள். குழுவையே அந்த மேலான சக்தியாக எடுத்துக்கொள்ளும் நாத்திகர்களும் உண்டு. அதுவும் ஒவ்வவில்லை என்றால், சமயச் சார்பில்லாத ஸ்மார்ட் ரிகவரி முறையின் இணையக் கூட்டங்களை முயன்று பார்க்கலாம். ஆனால் அங்கே மறுபடி ஆங்கிலம் குறுக்கே வரலாம்.

நல்ல குழுவை எப்படி அடையாளம் காண்பது? பல ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கிறவர்கள் சிலராவது இருக்க வேண்டும். புதிதாக வந்தவர் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் யாரும் வற்புறுத்தக் கூடாது. கூட்டம் கலைந்ததும் யாரேனும் ஒருவர் அவரிடம் வந்து தொலைபேசி எண்ணைக் கொடுக்க வேண்டும். மாத்திரையை நிறுத்திவிடு, மனவுறுதி போதும் என்று யாராவது சொன்னால் அந்த அறிவுரையைக் கேட்க வேண்டாம். குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் கூட்டங்களும் ஒன்றுக்கொன்று எதிரிகளல்ல. 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, நோயாளிகளை முறையாக ஏ.ஏ. வழியில் இணைக்கும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு மற்றச் சிகிச்சைகளை விடக் கூடுதலாக உதவுகிறது என்று கண்டது.

நீங்கள் உடன் போவதைப் பொறுத்தவரை, குடிநோயாளிகள் மட்டுமே பங்கேற்கும் கூட்டங்களும் உண்டு, குடும்பத்தினரும் வரக்கூடிய திறந்த கூட்டங்களும் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை திறந்த கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்து போகலாம், பிறகு அவர் தனியாகப் போகட்டும். திரும்பி வந்ததும் என்ன பேசினீர்கள் என்று துருவாதீர்கள். உங்களுக்கென்றே, குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன, அவர் ஏ.ஏ.வுக்குப் போகாவிட்டாலும் நீங்கள் அங்கே போகலாம். இன்னொன்று, கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: குடியை வெறுக்க வைக்கும் மாத்திரை என்று டைசல்பிரம் மருந்தைச் சாம்பாரில் கலந்து கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் கொடுத்து, அவர் குடித்தும்விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒருவேளை மறுபடி குடிக்கத் தொடங்கி, சில நாட்கள் தொடர்ந்து குடித்துவிட்டால், வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்த முயல வேண்டாம். நிறுத்திய முதல் இரண்டு நாட்களில் வலிப்பும், அதையடுத்துக் குழப்பமும் இல்லாததெல்லாம் தெரியும் நிலையும் வரக்கூடும். அப்போது தேவை கூட்டமல்ல, மருத்துவமனை, 108ஐ அழையுங்கள். மற்ற நேரங்களில் மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416இல் இரவு பகலாகத் தமிழிலும் பேசலாம்.