பாஸ்போர்ட் யார் பையில்?

கேள்வி: எனக்கு 29 வயது. 20 வயதுத் தங்கையுடன் அடுத்த மாதம் பத்து நாள் வெளிநாடு போகிறேன். அவளுக்கு இது முதல் பயணம். இப்போதே பெட்டியை அடுக்குவதும் பிரிப்பதுமாக இருக்கிறாள். முன்பின் தெரியாதவர்களிடம் எல்லாம் பேச்சுக் கொடுப்பாள், சத்தமாகச் சிரிப்பாள், எதையாவது பார்த்துவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடுவாள். அவளுடைய பாஸ்போர்ட், கார்டு எல்லாம் என் கைப்பையில்தான் இருக்கும் என்பதால் தொலைத்துவிடுவாளோ என்ற பயம் இல்லை. ஆனால் பத்து நாளும் இவளை எப்படி அடக்கி வைப்பது?

பதில்: இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. ஒரு முறை தம்பி என்று வரும், இன்னொரு முறை தங்கை என்று வரும். எழுதுவது எப்போதும் மூத்தவர்தான். துள்ளுகிறவர்கள் எனக்கு எழுதுவதில்லை, அவர்களுக்கு அதற்கு நேரம் இருப்பதில்லை.

சிரிப்பையும் பேச்சையும் விடுங்கள். முதல் முறை விமானம் ஏறப்போகிற 20 வயதுப் பெண் துள்ளாமல் என்ன செய்வாள்? போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, பாஸ்போர்ட்டும் கார்டும் உங்கள் கைப்பையில் என்று. அதனால் பயமில்லை என்கிறீர்கள். எனக்கு அங்கேதான் பயம்.

சொல்லாமல் ஓடிவிடுவாள் என்று நீங்களே எழுதுகிறீர்கள். சரி, ஓடிவிட்டாள். கூட்டமான ஒரு ரயில் நிலையம், நீங்கள் ஏறிவிட்டீர்கள், கதவு மூடிக்கொண்டது, அவள் நடைமேடையில் நிற்கிறாள். கையில் பாஸ்போர்ட் இல்லை, கார்டு இல்லை. போன் இருக்கும், ஆனால் அதில் அந்த நாட்டில் பேச வழி இருக்கிறதா? இரண்டு பேருக்கும் சேர்த்து உங்கள் போனில் மட்டும் ரோமிங் போட்டிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். தங்கும் ஹோட்டலின் பெயராவது அவளுக்குத் தெரியுமா? போலீஸ்காரரிடம் போய் நின்றால் அவர் முதலில் கேட்பது பாஸ்போர்ட்டைத்தான். வெளிநாட்டவர் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்றே பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. அதுவோ அடுத்த நிலையத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது, உங்கள் தோளில். அந்தக் கைப்பையே திருடு போனால் இரண்டு பேரும் சேர்ந்து தூதரக வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், சுருக்கென்று இருக்கும். இமிகிரேஷன் மேசையில், எங்கே தங்குகிறாய், எத்தனை நாள் என்று அதிகாரி கேட்கும்போது அவள் பதிலுக்காக உங்கள் முகத்தைப் பார்த்தால் அவர் என்ன நினைப்பார்? வயது வந்த ஒருவரின் ஆவணங்களை இன்னொருவர் கையில் வைத்திருப்பது ஆள்கடத்தலின் அறிகுறிகளில் ஒன்று. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குச் சொல்லும் 11 அறிகுறிகளிலும் அடையாள ஆவணத்தைப் பிடித்து வைப்பது இருக்கிறது. நீங்கள் பாசத்தில்தான் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும். அந்த மேசையில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

மூத்தவருக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அவரவர் பாடு அவரவருக்கு என்று பேசுகிற ஆளும் நான் இல்லை. ஆனால் நீங்கள் பொறுப்பு என்று நினைப்பது காவல். நீங்கள் இல்லாமலே அவள் அறைக்குத் திரும்பி வர முடியுமா? அதற்கு வழி செய்வதுதான் அக்காவின் வேலை. நீங்கள் காய்ச்சலில் படுத்துவிட்டால் மருந்து வாங்கி வரப்போவதும் அவள்தானே?

ஆகவே பாஸ்போர்ட்டை இன்றைக்கே அவள் கையில் கொடுங்கள். கிளம்புகிற அன்று கொடுத்தால்தான் தொலையும். சட்டைக்குள் மாட்டும் சிறு பை ஒன்றை வாங்கி, அவளே போட்டுப் பழகட்டும். அவளுடைய பாஸ்போர்ட் நகல் உங்களிடமும் உங்களுடையது அவளிடமும் இருக்கட்டும். ஹோட்டல் முகவரி அந்த ஊர் எழுத்தில் ஒரு காகிதத்தில், போன் அணைந்தாலும் பார்க்கிற மாதிரி. கொஞ்சம் ரொக்கம், அவள் போனுக்குத் தனி இணைப்பு. ரயிலில் பிரிந்துவிட்டால் ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வர வேண்டும், நின்றவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம், பத்து நாளில் இரண்டு நாளாவது எங்கே போவது என்பதை அவள் தீர்மானிக்கட்டும். நீங்கள் வாயைத் திறக்காமல் பின்னால் போங்கள்.

கண்டிப்பு வேண்டிய இடங்களும் உண்டு. பாதுகாப்புச் சோதனை வரிசையில் வெடிகுண்டு என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது, பயணம் அங்கேயே முடிந்துபோகும். இமிகிரேஷன் கூடத்தில் வீடியோ எடுக்கக் கூடாது. பவர் பேங்க் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் கூடாது. பேச்சுக் கொடுக்கிற பெண் என்பதால் மிக முக்கியமாக இது: விமான நிலையத்தில் பழகியவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், அவர் தருகிற பையையோ பொட்டலத்தையோ ஒரு நிமிடம்கூடக் கையில் வாங்கக் கூடாது. இங்கே நீங்கள் அதட்டலாம், நான் தடுக்கமாட்டேன்.

தினமும் வீட்டுக்கு ஒரு அழைப்பு போகும் அல்லவா? அதை அவளே பேசட்டும். நீங்கள் பேசினால் புகார்தான் போகும்.