ட்ரே கணக்கில் பழம் பறித்தாலும் மணிக்கூலி உண்டு

ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க்கில் ஸ்ட்ராபெர்ரி பறிக்கிறீர்கள், ஏழு மணி நேரம் குனிந்தும் கையில் வந்தது அறுபது டாலர், "ட்ரே கணக்கு அப்படித்தான்" என்கிறார் மேற்பார்வையாளர். இதுதானே உங்கள் பிரச்சினை?

மேற்பார்வையாளர் சொல்வது சரியில்லை. 2022 ஏப்ரல் 28 முதல் ஆஸ்திரேலியத் தோட்ட வேலையில் எத்தனை ட்ரே நிரப்பினாலும், வேலை செய்த மணிகளுக்கு உரிய குறைந்தபட்சக் கூலி வந்தே ஆக வேண்டும். ட்ரே கணக்கு அதற்கு மேலே போகலாம், கீழே இறங்கக் கூடாது. மணிக்கணக்கை எழுதி வைப்பதும் முதலாளியின் பொறுப்பு.

ஆனால் நீங்களும் எழுதுங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை ட்ரே, எந்தத் தோட்டம். நான் முதல் பருவத்தில் சோம்பலால் எழுதவில்லை. பிறகு கேட்கப் போனபோது கையில் ஒன்றுமில்லை.

வொர்க்கிங் ஹாலிடே விசாவில் வந்தவர்கள் இரண்டாம் ஆண்டு விசா பெறக் காட்ட வேண்டிய 88 நாள் வேலைக் கணக்கிலும் இது இடிக்கும். சட்டப்படி கூலி பெற்ற வேலைதான் கணக்கில் சேரும், அதனால் சம்பளச் சீட்டு இல்லாமல் ரொக்கமாக வாங்காதீர்கள்.

முதலில் மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால், கூலிப் புகார்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மனிடம் போங்கள். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கலாம், இலவசம்தான்.

அப்புறம், இடுப்புக்குத் தைலம் வாங்கி வைத்தீர்களா?