மூன்றாம் வருடம் ஈசிஇ, பரண் மேல் கிட்டார்: ஒரு தறிக்கார அப்பாவுக்கு

வணக்கம் சார். நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் மூன்றையும் கேட்டேன். இரண்டாவதில் பின்னால் தறி ஓடுகிற சத்தத்தில் பாதி காதில் விழவில்லை, ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. பையன் ஈசிஇ மூன்றாம் வருடம், இரண்டு அரியர், ஹாஸ்டலில் நான்கு பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்ட். லீவுக்கு வந்தவன் சாப்பிடும்போது "படிப்பை நிறுத்திக்கறேன்" என்று சொல்ல, நீங்கள் எழுந்து போய் கிட்டாரைப் பரண் மேல் போட்டுவிட்டீர்கள். ஆறு நாளாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை, நடுவில் அவன் அம்மா.

அவன் உங்களிடம் காட்டிய உதாரணம் பிரிட்டனின் குயீன் என்ற ராக் பேண்ட். "அவங்க படிப்பைக் கட்டிக்கிட்டு அழுதிருந்தா ஜெயிச்சிருப்பாங்களா?" என்று கேட்டானாம். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். குயீன் என் கல்லூரிக் காலத்துப் பைத்தியம், கேசட் தேயத் தேயக் கேட்டவன் நான். அந்தக் கதை அவன் நினைக்கிற மாதிரி இல்லை சார். நீங்கள் பயப்படுகிற மாதிரியும் இல்லை.

முதலில் படிப்பு. அந்த நான்கு பேரில் படிக்காதவன் ஒருவன்கூடக் கிடையாது. கிட்டார் வாசித்த பிரையன் மே லண்டன் இம்பீரியல் காலேஜில் இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு வானியற்பியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார், அவர் பெயர் போட்ட கட்டுரை 1972-லேயே நேச்சர் இதழில் வந்தது. டிரம்ஸ் ரோஜர் டெய்லர் பல் மருத்துவம் சேர்ந்து, அது ஒத்துவராமல் உயிரியலுக்கு மாறிப் பட்டம் முடித்தார். பாடகர் ஃப்ரெடி மெர்குரி ஜான்சிபாரில் பிறந்த பார்சி, பள்ளிப் படிப்பு நம் மகாராஷ்டிராவில் பஞ்ச்கனி போர்டிங்கில், அப்புறம் லண்டன் ஈலிங்கில் கிராஃபிக் டிசைன் டிப்ளமா. பேஸ் கிட்டார் ஜான் டீக்கனைத்தான் உங்கள் பையனுக்கு நான் காட்ட விரும்புகிறேன். எலெக்ட்ரானிக்ஸ், செல்சி காலேஜ், 1971-ல் முதல் வகுப்பு ஆனர்ஸ். ஏறக்குறைய உங்கள் பையன் படிக்கிற அதே பாடம். குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து அவர் கட்டிய சின்ன ஆம்ப்ளிஃபயர்தான் பின்னால் மேயின் கிட்டாரை வயலின் கூட்டம் மாதிரியும் ஊதுகொம்பு மாதிரியும் பல ஆல்பங்களில் பேச வைத்தது. பாடம் வீண் போகவில்லை, பாட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போது பிரிட்டனில் கல்லூரிக் கட்டணத்தை அரசு கட்டியது, செலவுக்கும் உதவித்தொகை கொடுத்தது. உங்கள் பையன் பெயரில் கல்விக் கடன் ஓடுகிறது. அவர்களால் நாலைந்து வருடம் கையில் காசில்லாமல் சுற்ற முடிந்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

இனி ஆல்பக் கதைக்கு வருவோம். டீக்கன் சேர்ந்து நான்கு பேரும் கூடியது 1971-ல். 1972-ல் டிரைடென்ட் என்ற ஸ்டுடியோ நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. நல்ல ஸ்டுடியோதான், ஆனால் காசு கொடுத்து வருகிற பெரிய ஆட்கள் வேலையை முடித்துக் கிளம்பிய பிறகு, நடு ராத்திரியோ விடியற்காலையோ மிச்ச நேரம் எப்போது கிடைக்கிறதோ அப்போது இவர்கள் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஏற்பாடு. அப்படித் துண்டு துண்டாகப் பதிந்த முதல் ஆல்பம் வெளியாக 1973 ஜூலை ஆகிவிட்டது, முதல் சிங்கிள் (தனியாக வெளியிட்ட பாட்டு) தரவரிசைப் பக்கமே வரவில்லை. அந்தக் காலத்தில் ஃப்ரெடியும் ரோஜரும் கென்சிங்டன் மார்க்கெட்டில் பழைய துணிக்கடை போட்டிருந்தார்கள், மே ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டாவது ஆல்பம் 1974 மார்ச், பிரிட்டனில் ஐந்தாம் இடம். அமெரிக்கா போய் இன்னொரு பேண்டுக்கு முன்னால் வாசிக்கும் வாய்ப்பு கிடைத்தது, பாதியில் பிரையன் மேக்கு மஞ்சள் காமாலை, ஊர் திரும்பினார்கள். மூன்றாவது ஆல்பம் பதியும்போது அவருக்கு அல்சர். மற்ற மூவரும் அவர் வாசிக்க வேண்டிய இடத்தையெல்லாம் காலியாக விட்டுப் பதிந்து வைத்துக் காத்திருந்தார்கள். (ஒரு பேண்ட் நிலைக்குமா என்று எனக்குக் காட்டுவது இந்த மாதிரி விஷயம்தான். உங்கள் பையனின் மூன்று நண்பர்கள் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.) அந்த மூன்றாவது ஆல்பம் 'ஷீர் ஹார்ட் அட்டாக்' பிரிட்டனில் இரண்டாம் இடம், அதிலிருந்த 'கில்லர் குயீன்' பாட்டும் இரண்டாம் இடம். 1975-ல் ஜப்பானுக்குப் போனபோது விமான நிலையத்தில் தள்ளுமுள்ளு, ஆயிரக்கணக்கில் ரசிகர்கள்.

சரி, ஜெயித்தாகிவிட்டதே என்று தோன்றும். அங்கேதான் உங்கள் பையன் பார்க்காத பக்கம் இருக்கிறது. ஜப்பானில் ராஜா மாதிரி இருந்துவிட்டு லண்டன் திரும்பியவர்களுக்கு அந்தச் சமயத்தில் வாரச் சம்பளம் தலைக்கு 60 பவுண்டு. டீக்கனுக்கு அந்த வருடத் தொடக்கத்தில்தான் கல்யாணம் ஆகியிருந்தது, மனைவி கர்ப்பம். சின்னதாக ஒரு வீடு வாங்க முன்பணம் 4,000 பவுண்டு வேண்டும் என்று நிறுவனத்திடம் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஹிட் ஆல்பத்தில் வாசித்த ஆளுக்கு, சார்.

நிறுவனம் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஸ்டுடியோ, கருவிகள், மேடை உடை, பயணம் எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் பணம் போட்டிருந்தார்கள், கணக்குப் புத்தகத்தில் பேண்ட் அவர்களுக்குக் கடன்பட்டிருந்தது. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் அமைப்பே வில்லங்கம். ஆல்பம் தயாரிப்பு, பாட்டு உரிமை, மேனேஜ்மென்ட் மூன்றும் ஒரே கையில். உங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். முன்பணம் வாங்கிவிட்டு வேறு தறிக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்டவர்களைப் பள்ளிபாளையத்தில் எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்! நூல் கொடுப்பவரும் துணியை எடுப்பவரும் கூலியைத் தீர்மானிப்பவரும் ஒருவரே என்றால், நெய்கிறவன் எவ்வளவு நெய்தாலும் கணக்கு அவன் பக்கம் திரும்புமா? இசையில் அட்வான்ஸ் என்பதும் அதேதான். பாட்டு விற்கிற காசில் பேண்டின் பங்கிலிருந்து முதலில் அது கழியும், கழித்து மிஞ்சினால்தான் கைக்கு வரும்.

குயீன் வக்கீல் வைத்து 1975 ஆகஸ்டில் வெளியே வந்தார்கள். சும்மா வரவில்லை, 1,00,000 பவுண்டும் அடுத்த ஆறு ஆல்பங்களின் ராயல்டியில் (விற்பனையிலிருந்து வரும் பங்கில்) ஒரு சதவீதமும் கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்த நிலைமையில், கையில் இருப்பதையெல்லாம் போட்டு நான்காவது ஆல்பத்தில் இறங்கினார்கள். அதுதான் 'எ நைட் அட் தி ஆப்பரா', 1975 நவம்பர், பிரிட்டனில் முதலிடம். அதிலிருந்த 'பொஹீமியன் ராப்சடி' கிட்டத்தட்ட ஆறு நிமிடம், இவ்வளவு நீளப் பாட்டை ரேடியோவில் போடவே மாட்டார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள், ஒன்பது வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. பணமும் அதற்குப் பிறகுதான் அவர்கள் கைக்கு வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கு வருடம், நான்கு ஆல்பம், ஒரு மஞ்சள் காமாலை, ஒரு அல்சர், ஒரு ஒப்பந்தச் சண்டை. உங்கள் பையன் பேண்ட் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது.

இன்னொரு விஷயம், இதை அவன் நண்பர்களோடு உட்கார்ந்து படிக்கட்டும். 'பொஹீமியன் ராப்சடி' இசைத்தட்டின் பின்பக்கத்தில் ரோஜர் டெய்லர் எழுதிய ஒரு கார் பாட்டு இருந்தது. அதை யாரும் தேடிப் போய் வாங்கவில்லை, ஆனால் தட்டு விற்றபோதெல்லாம் முன்பக்கம் எழுதிய ஃப்ரெடிக்கு எவ்வளவோ அவ்வளவே பின்பக்கம் எழுதிய ரோஜருக்கும் ராயல்டி. பேண்டுக்குள் இதில் நிறையப் புகைந்திருக்கிறது. கடைசியில் 1989-ல் 'தி மிராக்கிள்' ஆல்பத்தில்தான், யார் எழுதினாலும் எல்லாப் பாட்டும் குயீன் பெயரில் என்று முடிவு செய்தார்கள். பதினெட்டு வருடம் ஆயிற்று சார் அந்த ஒரு வரி முடிவுக்கு. அதற்காக எழுதாதவர்கள் என்று யாரும் அங்கே இல்லை. நால்வருமே ஹிட் கொடுத்தவர்கள். அமெரிக்காவில் 1980-ல் முதலிடம் பிடித்த 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்' வீட்டு முன்பணம் கிடைக்காத அதே டீக்கன் எழுதியது.

ஆகவே உங்கள் பையனிடம் "படிப்பா, பாட்டா" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு இருபது வயதில் எவனும் சரியான பதில் சொல்ல மாட்டான். இதைக் கேளுங்கள்: பாட்டை எழுதுகிறவன் யார், பங்கு எப்படி, பேண்ட் பெயர் யாருக்குச் சொந்தம், ஆம்ப்ளிஃபயர் வாங்கிய காசு யாருடையது, ஒருவன் வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டால் என்ன ஆகும்? ஒரு தாளில் எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வரட்டும். இதுவரை வாசித்த நிகழ்ச்சிகளுக்கு வந்தது எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு என்று ஒரு நோட்டும் வேண்டும். தறிக் கணக்கு எழுதுகிற வீட்டுப் பையன், இதுகூடத் தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

ஏதோ ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் மூன்று வருட ஒப்பந்தம் தருகிறார், அதனால்தான் படிப்பை நிறுத்தும் அவசரம் என்று மூன்றாவது மெசேஜில் சொன்னீர்கள். என்னைத் தூக்கிவாரிப்போட்டது அதுதான், அரியர் இல்லை. இரண்டு வருடம் முன்னால் என்னிடம் வந்த ஒரு பெண், நல்ல குரல், தன் சேனல் பாட்டுகளை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள், அதைப் பிரித்து எடுப்பதற்குள் அவள் அப்பா கோர்ட்டுக்கு அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். நம் நாட்டில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய ராயல்டிப் பங்கை யாரும் எழுதி வாங்கிவிட முடியாதபடி பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள், ஐபிஆர்எஸ் என்ற சொசைட்டியில் உறுப்பினர் ஆனால் அவர்கள் வசூல் செய்தும் தருவார்கள். ஆனால் சட்டம் இருக்கிறது என்பதே தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவனுக்குச் சட்டத்தால் என்ன பிரயோஜனம்? அந்தத் தாளை ஒரு வக்கீல் பார்க்கும் வரை அவன் பேனாவைத் தொடக் கூடாது. இதில் மட்டும் நீங்கள் கறாராக இருங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை என் கருத்து நேரானது. மீதி மூன்று செமஸ்டர். அரியர் இரண்டையும் வருகிற தேர்வில் எழுதித் தள்ளட்டும். சனி ஞாயிறு வாசிக்கட்டும், பரீட்சைக்கு முந்தைய மாதம் மட்டும் நிகழ்ச்சி ஒப்புக்கொள்ள வேண்டாம். இறுதி வருட ப்ராஜெக்டை ஒலி சம்பந்தமாகவே எடுக்கச் சொல்லுங்கள், கிட்டார் ஆம்ப்ளிஃபயர், எஃபெக்ட்ஸ் பெடல், ஒலிச் செயலாக்கம் எதுவானாலும். அப்படிச் செய்கிறவனுக்குப் பேண்ட் நடக்காவிட்டாலும் நிகழ்ச்சி ஒலியமைப்பு, ஸ்டுடியோ, ஆடியோ கருவி தயாரிப்பு என்று அவனுக்குப் பிடித்த வேலைக்குள்ளேயே வழி இருக்கும். நடந்தால் அவன் டீக்கன் மாதிரி ஒரு பேஸ் பிளேயர், அவ்வளவுதான் வித்தியாசம். நான் சொல்வதும் ஜெயித்தவர்கள் கதை என்பது எனக்குத் தெரியும். அதே லண்டனில், அதே வருடங்களில் மிச்ச நேரத்தில் பதிவு செய்து, ஒரு சிங்கிளோடு காணாமல் போன பேண்டுகளின் பெயர் யாருக்கும் நினைவில்லை.

உங்களுக்கு ஒன்று. மேயின் அப்பா ஹரால்ட், எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த வேலைக்காரர். மகனுக்கு கிட்டார் வாங்கிக் கொடுக்கக் காசில்லாமல் 1963-ல் இருவரும் வீட்டிலேயே செய்ய உட்கார்ந்தார்கள். கழுத்துக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மேல்சட்டத்து மரம், புழு அரித்த ஓட்டைகளை அடைத்து. ஸ்பிரிங் பழைய மோட்டார் சைக்கிள் வால்விலிருந்து. சுருதியை அசைக்கிற கைப்பிடியின் நுனி அம்மாவின் பின்னல் ஊசியிலிருந்து. கழுத்தில் பதித்த வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியில் கிடந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். மொத்தச் செலவு எட்டு பவுண்டு என்கிறார்கள். இவ்வளவு செய்து கொடுத்த அதே அப்பாதான், மகன் ஆராய்ச்சிப் படிப்பை விட்டு பேண்டுக்குப் போனபோது மனம் உடைந்து போனார். ரொம்ப நாள் கழித்து மே அவரை கான்கார்ட் விமானத்தில் நியூயார்க் அழைத்துப் போய் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் கூட்டத்தைக் காட்டிய பிறகுதான் சமாதானமானாராம். அந்தப் பாதியில் விட்ட முனைவர் பட்டத்தை மே 2007-ல், அறுபதாவது வயதில், திரும்பப் போய் முடித்தார். வானத்துத் தூசி பற்றிய ஆராய்ச்சி. வாசித்ததில் பெரும்பகுதி இன்றுவரை அந்த எட்டு பவுண்டு கிட்டாரில்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் வாருங்கள். அவனுக்குக் கொடுத்த ஒப்பந்தத் தாள், மதிப்பெண் பட்டியல், அந்த நோட்டு மூன்றும் வேண்டும். அப்புறம், கிட்டாரை இன்றைக்கே பரணிலிருந்து இறக்கிவிடுங்கள் சார். இது சித்திரை மாதம், ஓட்டுக்குக் கீழே அந்தச் சூட்டில் கழுத்து வளைந்துவிடும்.