அந்த மனுவில் நான் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. 400 மீட்டர் ஓடுகிறாள். ஐந்து வருடமாக ஒரே கிளப்பில் பயிற்சி. ஆறு மாதத்துக்கு முன் அங்கே 18 வயதுப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். திருநங்கை. அவள் எதையும் மறைக்கவில்லை. ஹார்மோன் சிகிச்சை தொடங்கி ஒரு வருடம் ஆகிறது என்று அவளே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். நல்ல பெண். போன மாதம் கிளப்களுக்கு இடையிலான போட்டியில் ஹீட்ஸ் முடிந்தபோது நேரக் கணக்கில் அவள் ஏழாவது, என் மகள் ஒன்பதாவது. ஃபைனலுக்கு எட்டுப் பேர்தான். இப்போது மற்ற பெற்றோர்கள், அவளைப் பெண்கள் பிரிவில் ஓட விடக்கூடாது என்று அவள் பெயரைப் போட்டு ஒரு மனு எழுதி, என்னிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள். நகல் இணைத்திருக்கிறேன். “கையெழுத்துப் போடாதே அம்மா” என்கிறாள் மகள். ஆனால் ராத்திரி தலையணையில் முகம் புதைத்து அழுததும் அவள்தான். இது அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதாலேயே நான் குறுகிய மனசுக்காரியோ என்றும் தோன்றுகிறது. இன்னொன்று: அந்தப் பெண் இப்போதெல்லாம் தனியாகத்தான் வார்ம்-அப் செய்கிறாள். என் மகள் அவளோடு சேர்ந்து ஓடலாமா, மற்றவர்கள் ஏதாவது பேசுவார்களா?
- பெயர் வேண்டாம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகளின் அழுகை. ஒன்பதாவதாக வந்து வெளியே நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும். நானும் ஒருமுறை அப்படி நின்றிருக்கிறேன். ஸ்பைக்ஸைக் கழற்றக்கூடத் தோன்றாமல், நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தாளில் என் பெயர் கோட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். அந்த வலியைக் குறுகிய மனசு என்று யாராவது சொன்னால், அவர்கள் ஓடிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். உங்களுக்குத் தோன்றுவதிலும் தப்பில்லை. பெண்களுக்கென்று தனிப் பிரிவு எதற்காக வந்ததோ, அந்தக் காரணத்தைத்தான் உங்கள் மனசு கேட்கிறது.

400 மீட்டரையே எடுத்துக்கொள்வோம். ஆண்கள் உலக சாதனை 43.03 விநாடி, பெண்கள் சாதனை 47.60. நாலரை விநாடிதானே என்று தோன்றும். ஆனால் சாதனை வீரர் கோட்டைத் தொடும் நொடியில் சாதனை வீராங்கனை இன்னும் 38 மீட்டர் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார். சின்ன வயதில் ஆண், பெண் பிள்ளைகளுக்கு நடுவே ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. பருவமடையும்போது ஆண் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பல மடங்கு கூடுகிறது. உயரம், எலும்பின் நீளம், தசை, இதயத்தின் அளவு, ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் எல்லாம் சேர்ந்து அந்த 38 மீட்டரை உண்டாக்குகின்றன.

அப்புறம் சிகிச்சை எடுத்தால் இது திரும்பிப் போகாதா? பாதிப் போகும், பாதிப் போகாது. ஹீமோகுளோபின் நாலு மாதத்துக்குள் பெண்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. தசை அவ்வளவு சீக்கிரம் கரைவதில்லை. ஒரு வருடத்தில் குறைவது சுமார் 5 சதவீதம்தான். வளர்ந்த எலும்பு வளர்ந்ததுதான். அமெரிக்க விமானப்படையில் வேலை செய்யும் திருநங்கைகளின் உடற்தகுதிப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. இரண்டு வருட சிகிச்சைக்குப் பிறகு தண்டால் எடுப்பதில் மற்ற பெண்களோடு இருந்த இடைவெளி மறைந்துவிட்டது. ஓட்டத்தில் மட்டும் அப்போதும் 12 சதவீதம் வேகமாக இருந்தார்கள். ஆனால் அவர்கள் படைவீரர்கள், போட்டி ஓட்டக்காரர்கள் கிடையாது. பயிற்சி பெற்ற திருநங்கை வீராங்கனைகளை வைத்து நடந்த ஆய்வுகள் மிகக் குறைவு. ஆகவே ‘அறிவியல் நிரூபித்துவிட்டது’ என்று இரண்டு பக்கத்திலிருந்து யார் அடித்துச் சொன்னாலும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

ஒற்றை ஆளை உதாரணம் காட்டுகிறவர்களிடமிருந்தும்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் நியூசிலாந்தின் திருநங்கை லாரல் ஹப்பர்ட் பளுதூக்கினார். வயது 43. மூன்று முயற்சியும் தோல்வி, பட்டியலிலேயே இடமில்லை. ‘பார்த்தீர்களா, ஒரு சாதகமும் இல்லை’ என்றது ஒரு கூட்டம். 2022-இல் லியா தாமஸ் என்ற திருநங்கை அமெரிக்கப் பல்கலைக்கழக நீச்சலில் 500 யார்டு பட்டத்தை ஜெயித்தார். ‘பார்த்தீர்களா’ என்றது இன்னொரு கூட்டம். அதே போட்டியில் 200 யார்டில் அவர் ஐந்தாவது இடத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டதை இரு கூட்டமும் வசதிப்படி எடுத்துக்கொண்டன. ஒருவர் தோற்றதாலோ ஜெயித்ததாலோ விதி சரி, தப்பு என்று ஆகிவிடாது.

விதிகளும் நிலையாக நிற்கவில்லை. 2003-இல் ஒலிம்பிக் கமிட்டி அறுவை சிகிச்சை கட்டாயம் என்றது. 2015-இல் அது வேண்டாம், டெஸ்டோஸ்டிரோன் ஒரு வருடம் லிட்டருக்கு 10 நானோமோலுக்குக் கீழே இருந்தால் போதும் என்றது. 2021-இல் அந்தந்த விளையாட்டு அமைப்பே முடிவு செய்யட்டும் என்று ஒதுங்கிக்கொண்டது. ரக்பி 2020-லேயே கதவைச் சாத்தியிருந்தது. நீச்சல் 2022-இல், தடகளம் 2023 மார்ச்சில், சைக்கிள் அதே வருடம் ஜூலையில், கிரிக்கெட் நவம்பரில் என்று வரிசையாக வந்தன. ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்தவர்கள் சர்வதேசப் பெண்கள் பிரிவில் ஆட முடியாது என்பதுதான் பெரும்பாலும் சாரம். நீச்சல்காரர்கள் ‘ஓப்பன்’ என்று எல்லோருக்குமான பிரிவு ஒன்றைத் தொடங்கி, 2023-இல் பெர்லினில் வைத்துப் பார்த்தார்கள். ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. உலகமே பார்க்க ‘நான்தான்’ என்று தனி லேனில் யார் போய் நிற்பார்கள்?

என் கருத்தைக் கேட்டால், பதக்கமும் சாதனையும் நிர்ணயமாகும் உச்சத்தில் அந்தக் கட்டுப்பாடு நியாயம்தான் என்று நினைக்கிறேன். இதை எழுதினால் சில நண்பர்கள் என்மேல் வருத்தப்படுவார்கள், தெரியும். ஆனால் ஒரு கிளப் மைதானத்தில், 18 வயதில், மாலை ஆறு மணிக்கு ஓட வருகிற பெண்ணுக்கு அதே பூட்டை மாட்டுவது வேறு விஷயம். உலகத் தடகள அமைப்பின் விதி உலகத் தரவரிசைக்குக் கணக்காகும் போட்டிகளுக்கானது. உங்கள் கிளப் போட்டியை எந்த விதி ஆள்கிறது என்று மனு எழுதியவர்களில் யாராவது விசாரித்தார்களா? நகலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சரி, மனுவுக்கு வருகிறேன். முதல் பத்தியில் ‘சமவாய்ப்பு’ என்று இருக்கிறது, ஒத்துக்கொள்ளலாம். இரண்டாவது பத்தியில் அவளுடைய தோள் அகலம், குரல், முழங்கை என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வயதுப் பெண்ணின் உடம்பைப் பெரியவர்கள் பத்துப் பேர் கூடி உட்கார்ந்து வர்ணித்துத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். இதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவள்மேல் இரக்கம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பெண்ணின் உடம்பை உற்றுப் பார்க்கும் வேலை தொடங்கினால் அது திருநங்கையோடு நின்றதாகச் சரித்திரமே இல்லை. என் சீனியர் ஒருவர் தன் பழைய அட்டையை எனக்குக் காட்டியிருக்கிறார். போட்டோ ஒட்டி, இவர் பெண் என்று முத்திரை குத்திய சின்ன அட்டை. கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தேய்த்து எடுத்துப் பார்த்துத் தருவார்கள். 1968-லிருந்து 1999 வரை ஒலிம்பிக்கில் இது நடந்தது. 1996 அட்லாண்டாவில் 3387 பெண்களைச் சோதித்ததில் எட்டுப் பேருக்கு மாறுபட்ட முடிவு வந்தது. கடைசியில் எட்டுப் பேரையும் ஆட விட்டார்கள். ஸ்பெயினின் தடை ஓட்டக்காரி மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோ 1985-இல் இந்தச் சோதனையில் சிக்கி, சாதனைகளையும் உதவித்தொகையையும் இழந்து, மூன்று வருடம் போராடித்தான் திரும்பினார். சாந்தி சௌந்தரராஜனை நமக்குத் தெரியும். 2006 தோகா ஆசியப் போட்டி, 800 மீட்டர், வெள்ளி. பாலினச் சோதனை என்று சொல்லி அதைப் பறித்தார்கள். இவர்கள் யாருமே திருநங்கைகள் இல்லை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, தங்கள் உடம்புக்குள் இருந்த வித்தியாசத்தைச் சோதனை வழியே தெரிந்துகொண்டவர்கள். 2025 செப்டம்பரிலிருந்து தடகளத்தில் வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனை என்று அந்தப் பஞ்சு திரும்ப வந்திருக்கிறது. ரகசியமாக, மரியாதையாக நடக்கும் என்கிறார்கள். பார்ப்போம். உங்கள் மகளும் கிராப் வெட்டிக்கொண்டு, தோள் தசை ஏறி, நன்றாக ஓடத் தொடங்கினால், இதே பத்தியை அவள் பெயர் போட்டு எழுத ஆள் இருக்கும்.

அதனால் நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். யார் பெயரும் வேண்டாம். போட்டி நடத்துகிறவர்களுக்கு, அரைப் பக்கம் போதும். பெண்கள் பிரிவுக்கான தகுதி விதி என்ன, எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். மருத்துவ விவரம் தேவைப்பட்டால் அதை யார் பார்ப்பார்கள், எங்கே வைப்பார்கள் என்றும் கேளுங்கள். ஃபைனலில் ஓர் இடம் கூட்ட முடியுமா என்பதையும் சேருங்கள். இது புதுசு இல்லை. 2025-இல் கலிஃபோர்னியாவில் மாநிலப் பள்ளித் தடகளத்தில் திருநங்கை மாணவி ஒருவர் போட்டியிட்டபோது, மற்ற பெண்கள் யாரும் வாய்ப்பை இழக்காதபடி இடங்களைக் கூட்டினார்கள். மேடையில் முதல் இடத்தைப் பகிர்ந்தும் கொடுத்தார்கள். ஒட்டுப்போட்ட ஏற்பாடுதான், எல்லோரும் திருப்தியாகவும் இல்லை. ஓட்டத்தில் லேன் கணக்கு வேறு இடிக்கும், நேரம் பார்த்து இரண்டு ஃபைனலாக ஓட்டிவிடலாம். ஆனாலும் உங்கள் மகள் மாதிரி ஒன்பதாவதாக நிற்கிறவளுக்கு அன்றைக்கு ஓட ஒரு லேன் இருக்கும். கிளப் அளவில் எனக்கு அது போதும்.

விதி வந்து அந்தப் பெண்ணுக்குப் பாதகமாக இருந்தால்? அதை அவளிடமும் அவள் வீட்டாரிடமும் கோச் தனியாக உட்கார்ந்து சொல்லட்டும். சாதகமாக இருந்தால் மற்ற பெற்றோர்களுக்கும் அதே கோச் சொல்லட்டும். இரண்டையும் நீங்கள் சுமக்க வேண்டாம்.

மகளிடம் “அவளுக்குக் கஷ்டம் ஜாஸ்தி, நீ அழாதே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தோழிமேல் பிரியமும் ஃபைனல் போன கோபமும் அவளிடம் ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டில் ஒன்றை விடு என்று அவளைக் கேட்க நமக்கு உரிமையில்லை.

சேர்ந்து ஓடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. பேசுகிறவர்கள் பேசுவார்கள். இதுவரை தனியாக ஓடியபோதும் பேசிக்கொண்டுதானே இருந்தார்கள்? தன்னைவிட ஒரு பிடி வேகமாக ஓடுகிறவள் பக்கத்து லேனில் இருந்தால் 400 மீட்டர்காரிக்கு அந்தக் கடைசி நூறு மீட்டரில் நல்லது. வாரம் ஒரு நாள் 300 மீட்டர் ரிப்பீட் இருவருக்கும் சேர்த்துப் போடச் சொல்லி கோச்சிடம் கேளுங்கள். மூன்று ஓட்டம், நடுவில் முழு ஓய்வு. உங்கள் மகளுக்கு உள்லேன், அவளுக்கு வெளிலேன்.