தாத்தா சொல்வது பொய்யா, அப்பா சொல்வது பொய்யா?

மேடம், வணக்கம்.

நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு எம்.சி. ரோட்டில் ஜவுளி வியாபாரம். மகன் காலேஜ் படிக்கிறான். என் அம்மா இறந்த பிறகு அப்பாவும் எங்களோடுதான். அவர் ராணுவத்தில் இருந்தவர். 1987-ல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். வீட்டுக்காரரோ நவம்பர் 27 வந்தால் மாவீரர்களுக்கு, அதாவது சண்டையில் இறந்த விடுதலைப் புலிகளுக்கு, விளக்கேற்றுகிறவர். இத்தனை வருஷமாக ரெண்டு பேரும் அந்தப் பேச்சையே எடுக்காமல் ஓட்டிவிட்டார்கள்.

2025 மே மாதம் பாகிஸ்தானோடு சண்டை வந்து, நம்ம துறைமுகத்தில் ஒத்திகை நடந்ததே, அப்போது ஆரம்பித்தது. மகன் போனைக் காட்டி, "தாத்தா, ஜனங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாம கரெக்டா அடிச்சிருக்காங்க" என்றான். அப்பா, "எங்களையும் அப்படித்தான் சொல்லி அனுப்பினாங்க" என்றார். உடனே வீட்டுக்காரர், "ஆஸ்பத்திரிக்குள்ள பூந்து சுட்டீங்களே மாமா, அதுக்கு என்ன சொல்லி அனுப்பினாங்க?" என்று கேட்டுவிட்டார். "உங்க ஆளுங்க ஜனங்களுக்கு நடுவுல நின்னு சுடலையா?" என்று அப்பா கத்தினார்.

அதிலிருந்து அப்பா தனியாகத்தான் சாப்பிடுகிறார். ராத்திரி எழுந்து வாசலில் உட்கார்ந்துகொள்கிறார். மகன் என்னிடம், "யாரும்மா பொய் சொல்றாங்க?" என்கிறான். பத்தாவது படித்த நான் என்ன சொல்வது? எனக்கும் தூக்கம் போய்விட்டது.

- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மகனின் கேள்விக்கு முதலில் வருகிறேன், அதுதான் சுலபம். உங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்குப் பாதி சொல்கிறார்கள்.

1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். புலிகளோடு நடந்த சண்டையில் இடையில் சிக்கினார்கள் என்றது இந்தியத் தரப்பு. உயிர் தப்பியவர்கள் அப்படிச் சொல்லவில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடி பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, "நாங்கள் இல்லை" என்றார்கள் புலிகள். 2009-ல் கடைசிக்கட்டப் போரின்போது, நடப்பது மனிதாபிமான நடவடிக்கை என்றது இலங்கை அரசு. மக்கள் விரும்பித்தான் எங்களோடு இருக்கிறார்கள் என்றார்கள் புலிகள். அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் குண்டு வீசியது, புலிகள் தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள் என்ற இரண்டு குற்றச்சாட்டுமே நம்பத்தகுந்தவை என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது.

ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். எறும்பை மிதிக்கத் தயங்குகிற மனிதரும் ஒரு சாவுக்குத் தலையாட்ட வேண்டுமானால், அவருக்குக் காரணம் ஒன்று வேண்டும்: வேறு வழியில்லை, அவர்கள் செய்தது இதைவிட மோசம், மேலிடத்து உத்தரவு, செத்தவர்கள் மனிதர்களே இல்லை. அரசு இதை ஒரு வரைபடத்தைக் காட்டிச் சொல்லும். இயக்கம், மாலை போட்ட படத்தைக் காட்டிச் சொல்லும். எனக்கு இரண்டாவதுதான் அதிக பயம். வரைபடத்தோடு வாதாடலாம், செத்துப்போன பிள்ளையின் படத்தோடு எப்படி வாதாடுவது? இப்போது நிறுத்தினால் இவன் செத்தது வீணா என்று கேட்டால் வாயடைத்துப் போகும். அரசுகளும் இதை நன்றாகவே கற்றுவைத்திருக்கின்றன.

உங்கள் வீட்டுச் சண்டையும் அதுதான் என்று நினைக்கிறேன். இருவருமே செத்தவர்களை விட்டுக்கொடுக்க முடியாமல் தவிக்கிறார்கள். அமைதிப்படையில் சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அமைதி காக்கப் போகிறீர்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள். 1990 மார்ச்சில் கடைசி அணி உங்கள் ஊர்த் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழரைச் சுட்டுவிட்டு வந்த படை என்ற கோபம் அன்று இங்கே பலருக்கும் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் உத்தரவு போட்டவர்கள்மேல் விழவேண்டிய அந்தக் கோபத்தை உங்கள் அப்பா போன்ற சிப்பாய்களும் சுமந்தார்கள்.

மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல" என்று யார் சொன்னாலும், எண்ணியது யார், வெளியாள் யாராவது அங்கே போய்ப் பார்த்தார்களா என்று கேட்கட்டும். அந்த மே மாதத்தில் வீடியோ கேம் காட்சிகள்கூட உண்மைத் தாக்குதல் என்று சுற்றின. அரசே மறுக்க வேண்டியிருந்தது. எல்லாமே பொய் என்ற இடத்துக்கும் அவன் போய்விடக் கூடாது. அந்தச் சண்டைக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட, காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டது நிஜம். காரணம் நிஜமாக இருக்கும்போதே கணக்கு மறைக்கப்படலாம்.

வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகப் பேசுங்கள். அந்த மருத்துவமனையை அவர் படித்துத் தெரிந்துகொண்டார். மாமா அந்த ஊரில் இருந்தவர். சோற்றுத் தட்டுக்கு முன்னால் கேட்கிற கேள்வியா அது? அப்பாவிடம் யார் சரி என்று நீங்களும் கேட்காதீர்கள். கூட இருந்தவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள், எதைச் சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். பேசப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அவர் ராத்திரி எழுந்து உட்காருவதை வயசுக் கோளாறு என்று தள்ளிவிட வேண்டாம். ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவு உங்களுக்குப் பக்கம்தான். அவர் வர மறுத்தால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் நீங்கள் பேசலாம், தமிழிலேயே. போகும்போது உங்கள் தூக்கத்தைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லுங்கள்.